மூளைக்கு ஒரு டம்ளர்: மந்திரப் பொடி வேண்டாம், மிக்ஸி போதும்!

பரீட்சை மாதம் வந்துவிட்டால் போதும். "எம் புள்ள எல்லாம் படிக்கிறான், ஆனா பேப்பரைப் பார்த்ததும் மறந்துடுறான்" என்ற புலம்பல் சென்னையில் தெருவுக்குத் தெரு கேட்கும். அந்தப் புலம்பலைக் காசாக்க ஒரு கூட்டமே காத்திருக்கிறது. ஞாபக சக்திக்கு லேகியம், மூளைக்கு டானிக், நினைவாற்றலுக்குப் பொடி என்று விதவிதமான டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்து நிற்கின்றன.

இப்போது இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது "ஸ்மூத்தி". பழத்தையும் தயிரையும் பருப்பு வகைகளையும் மிக்ஸியில் ஒன்றாக அடித்து, கெட்டியாக, சக்கையோடு குடிப்பதுதான் அது. அதற்குமேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் குளுகுளு கடையில் உட்கார்ந்து குடித்தால் பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும்!

ஒரு டம்ளர் பானம் மூளையைக் கூர்மையாக்குமா? அப்படியானால் எந்த டம்ளர்? வீட்டில் எப்படித் தயாரிப்பது? எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்? விவரம் வருமாறு:

மூளையின் பசி

மனித மூளையின் எடை சுமார் 1 கிலோ 350 கிராம். உடம்பு எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கை அது ஒன்றே விழுங்கிவிடுகிறது. தூங்கும்போதும் அதற்கு லீவு கிடையாது.

மூளைக்குத் தினசரி வேண்டியது குளுக்கோஸ். அது சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, மூளையைக் கட்டவும் பழுது பார்க்கவும் தேவையான நல்ல கொழுப்பும் புரதமும். இரும்பு, அயோடின், பி-1, பி-12 போன்ற சில்லறைச் சத்துகளும் வேண்டும். "சில்லறை" என்று அலட்சியமாக விட்டால் விளைவு பெரியது. உலகத்தில் தடுக்கக்கூடிய மூளைக் குறைபாடுகளுக்கு முதல் காரணம் அயோடின் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாப்பாட்டுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்க இந்தியாவில் 2006-ம் ஆண்டு மறுபடியும் தடை போட்டது இதற்காகத்தான்.

இந்த ஆராய்ச்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தொடங்கியது நீலகிரி மாவட்டம் குன்னூரில்தான். 1918-ம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் "பெரிபெரி" நோய் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். தவிட்டை முழுக்க நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி இருப்பவர்களுக்கு பி-1 சத்து குறைந்து நரம்பும் இதயமும் கெடும். அதுதான் பெரிபெரி. நம்ம வீட்டுப் புழுங்கல் அரிசியில் இந்தச் சத்து ஓரளவு தங்கிவிடும். நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம்.

வெறும் வயிற்றில் பாடம்

காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதிப் பேர் வீட்டில் ஒரு வாய் காபிதான். பிள்ளைகள் கதையும் அதேதான். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை காலையில் சாப்பிடாமல் போனால், மதிய மணி அடிக்கிற வரைக்கும் 16 மணி நேரம் பட்டினி! அந்த நேரத்தில்தான் கணக்குப் பாடம் நடக்கிறது.

பிள்ளைகளின் பசியைத் தமிழ்நாடு நெடுங்காலமாகக் கவனித்து வருகிறது. சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-ம் ஆண்டே மதிய உணவு போட்டார்கள். காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் பரவியது. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

இந்தத் திட்டங்கள் எதிலும் மூளைப் பொடி கிடையாது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார், முட்டை. அவ்வளவுதான். வயிறு நிரம்பினால் வாத்தியார் சொல்வது காதில் ஏறும்.

வீட்டில் தயாரிக்கிற டம்ளருக்கும் இதே கணக்குதான். காலையில் வாயில் ஒன்றும் இறங்காத பிள்ளைக்கும், ரெயிலுக்கு ஓடுகிற குமாஸ்தாவுக்கும் அது அவசரக் காலைச் சாப்பாடு. மூளை மருந்து என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பேர் புதுசு, கூழ் பழசு

ஸ்மூத்தி என்ற பெயர்தான் புதுசு. சென்னையில் கோடை வந்தால் தள்ளுவண்டியில் மண்பானையில் வருகிறதே கேழ்வரகுக் கூழ், கம்மங்கூழ், அதுவும் இந்த ஜாதிதான். ராத்திரி புளிக்க வைத்த மாவு, மோர், சின்ன வெங்காயம். தானியம், தயிர், காய் மூன்றும் ஒரே சொம்பில். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஜூசுக்கும் ஸ்மூத்திக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஜூசில் சக்கையை வடிகட்டி வீசிவிடுகிறார்கள். அதோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது சர்க்கரைத் தண்ணீர். அது ரத்தத்தில் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். இறங்கும்போது சோர்வும் தூக்கமும் வரும். ஸ்மூத்தியில் சக்கை உள்ளேயே இருக்கிறது. தயிரும் கடலையும் சேர்ந்தால் ஜீரணம் மெதுவாக நடக்கும். மூளைக்கும் சக்தி சீராகப் போய்ச் சேரும்.

அதற்காக லோட்டா லோட்டாவாகக் குடிக்கக் கூடாது. பழ ஜூசும் பழ ஸ்மூத்தியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையின் யோசனை. எனவே டம்ளரில் பழம் பாதிக்குக் கீழே இருக்கட்டும். மீதி தயிரும் கடலையும் தண்ணீரும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

டப்பாவில் "ஹெல்த் டிரிங்க்" என்று எழுதியிருந்தால் சத்து நிறைந்தது என்று நம்பினோம் இல்லையா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு ரகமே கிடையாது! 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன் கடைக்காரர்கள் இப்படிப்பட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

டப்பாவின் முன்பக்கம் விளம்பரம். விஷயம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன் சேர்ப்புச் சர்க்கரைக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. காலையில் டிகாஷன் காபியில் 2 ஸ்பூன், 11 மணி டீயில் 2 ஸ்பூன், சாயந்தரம் ஒரு ஜூஸ் என்றால் கணக்கு அப்போதே தாண்டிவிடும்.

"இதைக் குடித்தால் மூளைக் கோளாறு குணமாகும்" என்று விளம்பரம் செய்வது சட்டப்படி தப்பு. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து 70 வருடம் ஆகியும் சுவரொட்டிகள் மறையவில்லை!

வல்லாரை: உண்மை எவ்வளவு?

ஞாபக சக்தி என்றதும் வல்லாரைதான் நினைவுக்கு வரும். பூங்கா வாசலில் காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறோடு வல்லாரைச் சாறும் விற்கிறார்கள்.

வல்லாரை நல்ல கீரை. சந்தேகம் இல்லை. துவையல் அரைக்கலாம், கூட்டு வைக்கலாம். ஆனால் அதைச் சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பிரமி என்பது வேறு செடி. வடநாட்டில் வல்லாரையையும் சில இடங்களில் பிரமி என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. அந்தப் பிரமிச் சாற்றைச் சுமார் 12 வாரம் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் சிறிய முன்னேற்றம் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மூணு மாசம்! "நாளைக்குப் பரீட்சை, இன்னைக்கு ஒரு ஸ்பூன்" என்ற வியாபாரம் எடுபடாது.

இன்னொரு எச்சரிக்கை. வல்லாரை ஈரத்தில் வளரும் கீரை. கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரம் வளர்ந்தால் அங்கே இருக்கும் உலோக நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கே வளர்ந்தது என்று தெரிந்து வாங்குங்கள். மூன்று தண்ணீரில் அலசுங்கள். மாத்திரையாக, சாறாக அளவுக்கு மீறிச் சாப்பிட்டவர்களுக்கு அபூர்வமாக ஈரல் பாதிப்பு வந்ததும் பதிவாகி இருக்கிறது. துவையல் அளவோடு நிறுத்திக்கொண்டால் பயம் இல்லை.

முதல் டம்ளர்: பள்ளிப் பிள்ளைக்கு

ஒருவருக்கு வேண்டிய சாமான்:

வாழைப்பழம் 1
கெட்டித் தயிர் முக்கால் டம்ளர் (150 மில்லி)
வேர்க்கடலை ஒரு சின்னக் கைப்பிடி (20 கிராம்)
ஆளி விதைப் பொடி 1 டீஸ்பூன்
பேரீச்சம்பழம் 1
தண்ணீர் அரை டம்ளர்

வேர்க்கடலையை முந்தின ராத்திரியே ஊறப் போட வேண்டும். கருத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது இருந்தால் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். காலையில் தண்ணீரை இறுத்துவிட்டு, கடலையையும் கொட்டை எடுத்த பேரீச்சையையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு முதலில் மைய அரையுங்கள். அதன் பிறகு பழமும் தயிரும் ஆளி விதையும் போட்டு ஒரு சுற்று. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. சர்க்கரை வேண்டாம். பேரீச்சையும் பழமும் தருகிற இனிப்பே போதும்.

தோராயமாக 350 கலோரி சக்தியும் 12 கிராம் புரதமும் இதில் கிடைக்கும். விலை அதிகமான பாதாம், வால்நட் இல்லாமலே இவ்வளவும் வருகிறது. நிறைய பேர் காசு கொடுத்து வாங்கும் "புரோட்டீன் பொடி" செய்கிற வேலையில் பாதியை நம்ம ஊர் வேர்க்கடலை செய்துவிடும்.

இரண்டாவது டம்ளர்: சோர்ந்து போகும் பெண் பிள்ளைக்கு

"எப்பப் பாரு தூங்கி வழியறா. சொன்னது தலையிலே ஏற மாட்டேங்குது" என்று அம்மாமார்கள் திட்டுகிற பெண் பிள்ளைகளில் பலருக்குக் குறை ரத்தத்தில் இருக்கும். அது சோம்பேறித்தனம் கிடையாது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 100-க்கு 67 பேர்! ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். கவனம் சிதறும். படித்தது தங்காது. ஞாபக சக்தி லேகியம் வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கிடையாது.

சாமான்: கொய்யாப்பழம் 1, பெரிய நெல்லிக்காய் 1, ஆவியில் வேகவைத்த முருங்கைக்கீரை 2 ஸ்பூன், வறுத்த எள் 1 டீஸ்பூன், பேரீச்சம்பழம் 2, தண்ணீர் ஒரு டம்ளர்.

கொய்யாவின் நடுவில் இருக்கும் விதையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக அடிக்க வேண்டியதுதான். பச்சை நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தால் ஒரு சிட்டிகை உப்பும் சீரகப் பொடியும் போட்டுக் கொடுங்கள்.

இந்த டம்ளரில் பால், தயிர் இல்லாததற்குக் காரணம் உண்டு. கீரையில், எள்ளில் இருக்கும் இரும்பு சுலபத்தில் உடம்பில் சேராது. கொய்யாவிலும் நெல்லியிலும் இருக்கும் வைட்டமின் சி அதைச் சேர்த்து வைக்கும். பாலில் உள்ள கால்சியம் குறுக்கே நிற்கும். டீயும் காபியும் அதைவிட மோசம். எனவே இதைக் குடித்து ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது.

ரத்தசோகை அதிகம் என்றால் இந்த டம்ளர் மட்டும் போதாது. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையைச் சாப்பிடத்தான் வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற பிள்ளைகள், எறிவது தங்கள் மார்க்கைத்தான்!

மூன்றாவது டம்ளர்: சர்க்கரை உள்ள பெரியவருக்கு

சாமான்: தயிர் அரை டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர், கழுவிய வல்லாரை இலை 10, கறிவேப்பிலை ஒரு கொத்து, நெல்லிக்காய் பாதி, இஞ்சி ஒரு சின்னத் துண்டு, ஊறவைத்த வேர்க்கடலை ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

எல்லாவற்றையும் அடித்தால் பச்சை மோர் தயார். வடிகட்டாமல் குடிக்க வேண்டும். பழம் கிடையாது, பேரீச்சை கிடையாது, தேனும் கிடையாது. "தேன் இயற்கைதானே" என்று ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ரத்தத்துக்குத் தேனும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று.

வல்லாரை கிடைக்காவிட்டால் கொத்தமல்லி, புதினா போதும். மூளை கோபித்துக்கொள்ளாது!

மிக்ஸியில் அடங்காத மீன்

மூளையின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதில் முக்கியமானது ஒமேகா-3 ரகத்தைச் சேர்ந்த டி.எச்.ஏ. என்ற கொழுப்பு. அது தாராளமாக இருப்பது கடல் மீனில். விலை உயர்ந்த வஞ்சிரத்தைத் தேடிப் போக வேண்டாம். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் இந்த விஷயத்தில் பெரிய மீன்களுக்குச் சளைத்தவை அல்ல.

சைவக்காரர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் டி.எச்.ஏ.வாக மாற்றும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆளி விதையை முழுசாகப் போட்டால் அப்படியே வெளியே போய்விடும். லேசாக வறுத்துப் பொடித்துப் போட வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடிக்கவும். நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும்.

உஷார்! உஷார்!

மூளைக்கு என்று குடிப்பதிலேயே மூளைக்கு ஆகாதது கலந்துவிடக் கூடாது. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கார்பைடு கல். மாம்பழமும் வாழைப்பழமும் சீக்கிரம் பழுக்கக் கால்சியம் கார்பைடு வைப்பது சட்டப்படி குற்றம். 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை தெளிவாக இருக்கிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கலாம். எத்திலீன் வாயுவை வரம்புக்குள் பயன்படுத்திப் பழுக்கவைப்பதற்கு அனுமதி உண்டு. கோயம்பேடு மார்க்கெட்டில் அதிகாரிகள் அவ்வப்போது சோதனை போட்டு டன் கணக்கில் பழங்களை அழிக்கிறார்கள். தோல் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக, உள்ளே காயாக, வாசனையே இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். கரும்புள்ளி விழுந்த பழம்தான் நன்றாகப் பழுத்தது. கடைக்காரரிடம் விலையும் குறைத்துக் கேட்கலாம்.

இரண்டாவது, மஞ்சள் தூள். மூளைக்கு நல்லது என்று ஸ்மூத்தியில் மஞ்சள் போடும் பழக்கம் பரவுகிறது. மஞ்சளுக்கு நிறம் ஏற்ற "லெட் குரோமேட்" என்ற காரீயச் சாயத்தைக் கலக்கும் மோசடி இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்து அறிவு வளர்ச்சியைக் குறைக்கும். "இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை" என்று சொல்லும் அளவே அதற்குக் கிடையாது. (ரசம் வைக்கிற அசல் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, காரீயம் வேறு.) உதிரித் தூள் வேண்டாம். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பளபளக்கும் விரலி மஞ்சளும் வேண்டாம். சந்தேகம் என்றால் இந்த டம்ளருக்கு மஞ்சளே தேவை இல்லை.

மூன்றாவது, ஐஸ். கடையில் குடிப்பதாக இருந்தால் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இல்லாமல் இருக்கலாம். சாக்குப்பையில் சுற்றித் தரையில் இழுத்து வரும் ஐஸ் டம்ளருக்குள் விழுந்தால் ஸ்மூத்தி போகிற வழியே வேறு! மிக்ஸி ஜாரை வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிற கடையையும் தாண்டிப் போய்விடுங்கள். புகார் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கொடுக்கலாம்.

"வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள்

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 100-க்கு 7 பேருக்கு மேல்.

ஆனால் மறதி எல்லாமே அந்த நோய் ஆகாது. சாவியை வைத்த இடம் மறக்கிறது, கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் பி-12 குறைவாக இருக்கலாம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. காய்கறியில் கிடையாது. சுத்த சைவம் சாப்பிடுபவர்களும், சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மெட்பார்மின் மாத்திரை போடுகிறவர்களும் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இந்த இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். சீக்கிரம் பிடித்தால் ஊசி, மாத்திரையில் சரி செய்யலாம்.

"பெரியவருக்கு வயசாச்சு, அப்படித்தான்" என்று மூலையில் உட்கார வைத்துவிட்டு, தினமும் ஸ்மூத்தி கொடுத்துக்கொண்டிருந்தால், சரியாக்கக் கூடிய மறதி சரியாக்க முடியாத மறதியாக மாறிவிடும். நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

யாருக்கு ஆகாது?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழம், பேரீச்சை, இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் எந்த டம்ளரும் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவும் கூடாது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் பெரியவருக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும்.

டம்ளருக்கு வெளியே

சாப்பாட்டை மாற்றினால் மட்டும் மூளை காப்பாற்றப்படுமா? அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கீரை, பருப்பு வகை, பெர்ரிப் பழம், மீன் நிறைந்த "மைண்ட்" உணவு முறை. மறு பாதிக்கு வழக்கமான சாப்பாடு, அளவு மட்டும் குறைவு. 2023-ல் முடிவு வந்தது. இரண்டு தரப்பும் கொஞ்சம் முன்னேறியது. ஆனால் இருவருக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை!

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, காற்று மாசு, தனிமை, உடற்பயிற்சி இன்மை என்று அது நீள்கிறது. இவற்றைக் கவனித்தால் டிமென்ஷியாவில் கிட்டத்தட்ட பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அந்தக் குழுவின் கணக்கு.

அந்தப் பட்டியலில் தலைக்காயமும் இருக்கிறது. காலையில் மூளைக்கு ஸ்மூத்தி குடித்துவிட்டு, ஹெல்மெட்டை டாங்கின் மேல் மாட்டிக்கொண்டு அண்ணா சாலையில் பறக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்!

பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. படித்தது மனசில் பதிவது தூக்கத்தில்தான். விடிய விடிய விழித்துப் படித்துவிட்டுக் காலையில் எந்த டம்ளரைக் குடித்தாலும் புண்ணியம் இல்லை. பயம் அதிகமாகி மனசு அலைந்தால் 14416 என்ற "டெலி மானஸ்" எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில்...

இன்று சாயந்தரமே வாங்க வேண்டியவை இவ்வளவுதான்: புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒரு சீப்பு, பச்சை வேர்க்கடலைப் பருப்பு கால் கிலோ, பேரீச்சம்பழம் ஒரு பாக்கெட், நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை 50 கிராம். தயிர் வீட்டில் தோய்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு கைப்பிடி வேர்க்கடலையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மற்றதைக் காலையில் மிக்ஸி பார்த்துக்கொள்ளும்.